58 கிலோ ரம்பம்

திருவொற்றியூரில் பழைய இன்ஜினைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடிக்க முடியாது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஃபேக்டரி இங்கேதான். அதனால் தெருவுக்கு நாலு பேர், "அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா?" என்று கிளம்புவார்கள். கிக்கர் திருப்பி அடித்துக் கால் வீங்கியதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. புல்லட்டைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை, இங்கேயே குடியிருக்கணும். ஆனால் மரம் அறுக்கிற செயின் சாவுக்கும் அதே பல்லவியைப் பாடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

செயின் சாவுக்குப் பிள்ளையார் சுழி போட்டது மரவாடிக்காரர் இல்லை, டாக்டர்கள். 1780களில் ஸ்காட்லாந்தின் ஜான் எயிட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இருவர், பல் வைத்த சின்னச் சங்கிலி ஒன்றை எலும்பு அறுக்கப் பயன்படுத்தினார்கள். பிரசவத்தில் குழந்தை சிக்கிக்கொண்டால் தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுப்பதும் அதன் வேலை. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் அறுபது வருஷம் இருந்தது. சிசேரியனைக் குறை சொல்லும் மாமியார்கள் கவனிக்க.

மரத்துக்கு அது வந்து சேர ஜெர்மானியர்கள் தேவைப்பட்டார்கள். 1927இல் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் ரம்பம் ஒன்றை டோல்மர் என்ற மலைக்கு ஏற்றி ஓட்டிக் காட்டினார். எடை 58 கிலோ. சிமென்ட் மூட்டையை விட எட்டு கிலோ கூடுதல், அதுவும் உறுமிக்கொண்டே இருக்கும் மூட்டை. ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடிக்கணும். மலையேற்றிய களைப்பிலோ என்னவோ, கம்பெனிக்கும் மலையின் பெயரையே வைத்துவிட்டார். 1929இல் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பம் 46 கிலோ, 6 குதிரைத் திறன். அதையே 'சிலிம்' என்று மெச்சியிருப்பார்கள்.

அந்தக் காலத்துக் கார்புரேட்டரில் மிதவை இருந்தது. மிஷினைச் சாய்த்தால் பெட்ரோல் ஒழுங்காகப் போகாமல் இன்ஜின் படுத்துவிடும். மரம் சாயலாம், மிஷின் சாயக் கூடாது. அதனால் இன்ஜினை நேராக வைத்துக்கொண்டு, செயின் ஓடும் பட்டையை மட்டும் திருப்பி அறுத்தார்கள். லிட்டருக்கு அறுபது மில்லிக்கு மேல் ஆயில் கலப்பார்கள். புகையில் மரமே தெரியாது. இப்போது இருபது மில்லி டூ-டி ஆயில் போதும்.

பல் விஷயத்தில் உதவிக்கு வந்தது ஒரு புழு. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டைக்குள் வண்டுப்புழு ஒன்று இடமும் வலமுமாக மென்றுகொண்டு போவதைப் பார்த்தார். நம்மாளாக இருந்தால் நசுக்கிவிட்டு பீடி பற்றவைத்திருப்பார். அவர் அந்த வாயைப் போலவே வளைந்த பல்லைச் செயினில் வைத்தார். இன்றைக்கும் ஓடுவது அந்தப் பல்தான்.

சங்கிலியிடம் விளையாடக் கூடாது என்பது திருவொற்றியூருக்குப் பழைய சங்கதி. 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று கருவறையில் சத்தியம் செய்து சமாளித்துவிடலாம் என்று, சாமியை மட்டும் மகிழ மரத்தடிக்கு நகரச் சொல்லி வைத்தார் சுந்தரர். சாமியோ நேராக, அவர் கட்டிக்கொள்ளப்போகும் சங்கிலி நாச்சியாரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். மரத்தடியிலேயே சத்தியம் வாங்கினார்கள். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது. செயின் சாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பட்டையின் நுனி கட்டையில் இடித்தால் மிஷின் மேல்நோக்கி எகிறும், நேரே முகத்துக்கு. எகிறின நொடியில் செயினை நிறுத்தும் பிரேக் 1970களில்தான் வந்தது. அதற்கு முன்னால் பிழைத்தவர்கள்தான் இன்று "பழசுதான் கெட்டி" என்கிறார்கள். மற்றவர்களிடம் கருத்துக் கேட்க வழியில்லை.

2019இல் வந்த ஸ்டில் 500i ரகத்தில் கார்புரேட்டரே இல்லை; பெட்ரோல் அளவை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. பட்டையும் செயினும் சேர்க்காமல் ஆறு கிலோ சொச்சம், திறனோ அந்த 46 கிலோக்காரனை விடக் கொஞ்சம் கூட.

சரி, புதுசு ஜெயித்தது என்று முடித்துவிடலாம்தான். ஆனால் 2016 டிசம்பர் 12, வர்தா புயல். தெருவெல்லாம் மரம், கரண்ட் கிடையாது, பிளக்கில் மாட்டும் ரம்பம் சும்மா கிடந்தது. பெட்ரோல் மிஷின் வைத்திருந்தவர்தான் அந்த வாரம் ராஜா. அவரும் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தில் மிஷினை வைத்தார். அரை அடிகூட இறங்கவில்லை, 'டங்' என்று தீப்பொறி. உள்ளே ஆணி. மூல வைத்தியம், டியூஷன், லோன் மேளா என்று நம் ஊர் மரங்களில் அடிக்காத போர்டு உண்டா? போர்டு போன பிறகும் ஆணி இருக்கும். மரம் அதை விழுங்கி மேலே பட்டை போர்த்திக்கொள்ளும். 1929 மிஷினாக இருந்தாலும் சரி, இப்போது வந்திருக்கிற பேட்டரி மிஷினாக இருந்தாலும் சரி, ஆணிக்கு எல்லாம் ஒன்றுதான்.

அப்புறமென்ன, மரத்தின் மேலேயே குந்தி, வட்ட அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். அந்தக் கூலி தனி. நோட்டுத் தடை வந்து ஒரு மாசம்தான் தாண்டியிருந்த புதுசு. புத்தம்புது 2000 ரூபாயை நீட்டினால், மிஷினை ஆஃப் பண்ணிவிட்டு, "நூறா இருந்தா குடு சார்" என்பார்.