தொம் விழாத வண்டி: சிலிண்டர் மிஸ் குறித்து ஒரு லய ஆராய்ச்சி

இன்ஜினில் ஒரு சிலிண்டர் வேலைநிறுத்தம் செய்தால் அதைச் சொல்லத் தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று வழக்குகள் உண்டு. 'வண்டி மிஸ் அடிக்குது' என்பது பட்டறை வழக்கு. 'திக்குது' என்பது வண்டி ஓட்டுபவர் வழக்கு. 'ஒரு பிளக் எடுக்கல' என்பது டீக்கடை வழக்கு. அடிக்காததுதான் குற்றம், அதை 'அடிக்குது' என்று எப்படிச் சொல்லலாம் என்பதை இலக்கணப் புலவர்களுக்கு விட்டுவிட்டு, இக்கட்டுரை லயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும். ஆக மொத்தம் 1,600 வெடி. என் அம்பாசிடரில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. மிருதங்கம் கற்கும் பிள்ளைகளின் முதல் பாடமான தா, தி, தொம், நம் என்பதை இதன்மேல் ஏற்றினால் ஒன்றாவது சிலிண்டர் தா, மூன்றாவது தி, நான்காவது தொம், இரண்டாவது நம். இந்தப் பொருத்தத்தை எனக்கு முன்னால் கண்டவர்கள் இருந்தால், வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால் சதுஸ்ர நடை திஸ்ரமாகிவிடுகிறது என்பார் ஒரு சாரார். மீதி மூன்று என்பதால் வந்த மயக்கம் அது. மூன்றும் தத்தம் இடத்தைவிட்டு நகர்வதில்லை. நாலாவது இடம் சத்தமில்லாமல், ஆனால் கணக்கில் நிற்கிறது. எனவே இது நடைபேதம் அல்ல, கார்வை. அசல் திஸ்ரம் வேண்டுவோர் 1983இல் வந்த மாருதி 800இன் பக்கத்தில் நின்று காது கொடுக்கலாம். அதற்குப் பிறவியிலேயே மூன்று சிலிண்டர்தான். கார்வை வித்வான் கையில் வந்தால் சுகம். நிமிடத்துக்கு 400 முறை வந்தால் ஸ்டியரிங், சீட்டு, ஓட்டுபவரின் கன்னம் எல்லாமே தலையாட்டும்.

டெல்டாவில் இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு நிலவியல் சிக்கல் இருக்கிறது. மிஸ் பாரம் ஏறும்போதுதான் முதலில் தலைகாட்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவது கடினம். வயரில் எங்காவது ஓட்டை இருந்தால் மின்சாரம் அந்தச் சிரமத்தைப் படாமல் இன்ஜின் உடம்பிலேயே இறங்கிவிடும். பாரம் ஏற்ற மேடு வேண்டும். எங்கள் ஊரிலோ தாம்பாளம் போல வயல். ஆகவே சோதனைக்கூடமாகப் பாலங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்கள். இப்படி ஒரு ஆய்வு வசதி ஊட்டிக்காரர்களுக்குக்கூடக் கிடையாது. அவர்களுக்கு இடைவேளை இருக்காது.

தை அறுவடை முடிந்த ஒரு காலையில் மாமாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். நாற்பது வருஷம் தவில் வாசித்தவர். வடவாற்றுப் பாலத்தில் வண்டி லேசாக உதறியது. வெண்ணாற்றில் திக்கியது. குடமுருட்டிக்கு வரும்போது சமதரையிலும் திக்கல் நிற்கவில்லை. கண்ணை மூடியிருந்த மாமா திறக்காமலே சொன்னார்:

"மாப்ளே, தொம் விழல."

அப்படியே பட்டறையில் போய்ச் சொன்னேன். மெக்கானிக் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "அது சரி சார். தா எதுன்னு யாரு சொன்னா?"

என் கோட்பாட்டுக்கு விழுந்த முதல் அடி இது. இன்ஜினுக்குச் சமம் கிடையாது. ஆவர்த்தனம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபோது, விழாதது எதுவானாலும் அதைத் தொம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவருடைய முறை எளிது. ஐட்லிங்கில் வண்டியை விட்டு, கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்றியதும் இன்ஜின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஆள். கச்சேரி நடுவே எழுந்து காப்பி குடிக்கப் போய் யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்த தாளக்காரரை எனக்குத் தெரியும்.

ஒன்று, தடுமாறியது. இரண்டு, தடுமாறியது. மூன்றிலும் அப்படியே. நான்காவதைக் கழற்றினார், இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. மாமா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேலென்று பெட்ரோலில் நனைந்திருந்தது. வெடிக்காத பெட்ரோல் வேறெங்கே போகும்? பிளக்கோடு விஷயம் முடியவில்லை. வயரின் அடிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ரப்பர் காணோம். பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கோல், நாலைந்து நெல்மணி. அறுவடைக்குப் பின் வயல் எலிக்கு வீடு போய்விடுகிறது. என் அம்பாசிடர் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வந்திருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் என்று சொல்லித் துணியால் துடைத்து அனுப்பியிருப்பாராம்.

வயர் செட்டை மாற்றி, பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டியதும் நாலு சொல்லும் விழுந்தன. புதிய வண்டிகளில் இத்தனை கிடையாது. ஸ்கேனரைச் சொருகினால் பி0304 என்று கல்வெட்டுப் போல ஒன்று வரும். கடைசி எண்தான் சிலிண்டர். நான்காவதன் காயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டு, கல்வெட்டு பி0302 ஆனால் குற்றவாளி காயில். துல்லியம்தான், மாமாவுக்கு அங்கே வேலை இல்லை.

அன்று இரவு எலி பிடிக்க ஒரு தஞ்சாவூர்க் கிட்டி வாங்கி, பொரி வைத்து, மூங்கில் வில்லை வளைத்து, முன்சக்கரத்தடியில் வைத்தேன். நள்ளிரவில் சத்தம் கேட்டது. காலையில் போய்ப் பார்த்தால் வில் அறைந்திருக்கிறது, பொரி காலி, எலி இல்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"கிட்டியும் மிஸ் அடிக்குதா சார்?" என்றார்.