நாலு சிலிண்டர் சம்சாரம்

பழைய கார் வைத்திருப்பவனைப் பார்க்கிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "மைலேஜ் என்ன தருது?" என்பது ஒன்று. "குடுக்கிற ஐடியா இருக்கா?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. வண்டி போனால்தானே மைலேஜ் சொல்ல முடியும்? இரண்டாவதற்குப் பதில்கள் தாராளமாக இருக்கின்றன. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மனைவி பக்கத்தில் நின்றால் வேறொன்று.

வண்டி 1966-ம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அப்பா வாங்கியது. தமிழ்நாடு மெட்ராஸ் ஸ்டேட்டாக இருந்த காலத்துப் பதிவு என்பதால் நம்பர் 'எம்.எஸ்.' என்று ஆரம்பிக்கும். பிறந்தது வண்டலூர், இப்போது படுத்திருப்பது குரோம்பேட்டை. ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம். இவ்வளவு ஆயுளில் பிறந்த ஊரிலிருந்து அதிக தூரம் முன்னேறாத விஷயத்தில் வண்டியும் நானும் ஒரே ஜாதி.

யாராவது "இதையா வச்சிருக்கீங்க?" என்று இழுத்தால் உடனே குலம் கோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்ட்தான் இதன் மூலம். உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிக்கேலோட்டி என்ற இத்தாலியர். வண்டலூரில் 1961-ல் தயாரிக்க ஆரம்பித்தார்கள். கேட்கிறவர் ஓடவில்லை என்றால், இங்கிலாந்துக் கம்பெனிக்குச் சொந்தமாகப் பாடி செய்யும் ஆலை கைவசம் இல்லாமல் போனதையும், அதனால் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியதையும் விவரிப்பேன். "அதான் அத்தனை பக்கமும் ஆடுதா?" என்பாள் மனைவி. குலப்பெருமை பேசும்போது குறுக்கே பேசுவது அவள் வழக்கம்.

இந்த வண்டியின் பானெட் ஒரு அற்புதம். மற்றக் கார்களில் மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமுமாக முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கார்பரேட்டரில் கை வைக்கலாம். எனக்கு இன்ஜின் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சூடாக இருக்கும் என்பதுதான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைச் சாய்த்துப்போட்டு, டயர்மேல் உட்கார்ந்து, கையில் ஒரு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டால் தெருவில் கிடைக்கும் மரியாதையே தனி. வேறெந்தக் காரும் ஒன்றும் தெரியாதவனுக்கு இவ்வளவு சௌகரியமான ஆசனம் போட்டுக் கொடுத்ததில்லை.

வியாதி புகையில் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் மாநகராட்சிக் கொசு மருந்து வண்டி வந்துவிட்டது போல எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். புகை நீலமா, வெள்ளையா, கறுப்பா என்று மெக்கானிக் போனில் கேட்டார். நீலமென்றால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கும். வெள்ளையாக விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, கார்பரேட்டரைச் சரிசெய்தால் போதும். நான் கறுப்பென்று பார்த்தேன். மனைவி நீலம் என்றாள். மலிவான வியாதி என்னவோ அதுவே என் கண்ணுக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. மெக்கானிக் நேரில் வந்து, சைலன்சருக்குள் விரலை விட்டு எடுத்து, அதில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை அவளிடம் காட்டினார். என்னிடம் காட்டவில்லை.

அத்தோடு போயிருக்கலாம். "அண்ணி, உள்ள உக்காந்து கிளட்சை மிதிங்க" என்றார். "சார், நீங்க முன்னாடி புல்லியைப் பாருங்க." கிளட்சை மிதித்தால் கிராங்க் முன்னால் தள்ளப்படும், அதை நகராமல் தாங்குவது த்ரஸ்ட் வாஷர் என்ற பிறைவடிவத் தகடு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அசையக் கூடாதாம். மனைவி மிதித்தாள். எங்கள் புல்லி முன்னால் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போயிற்று. சிக்னலில் நியூட்ரலுக்கு வராமல் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்கள் வண்டியில்தான் இந்த வாஷர் சீக்கிரம் தேயும் என்றார் மெக்கானிக். அப்பாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அவருடைய வழக்கங்களில் நான் விடாமல் காப்பாற்றி வருவது அது ஒன்றைத்தான். "கழண்டு சம்ப்புல விழுந்துச்சுன்னா கிராங்க் நேரா பிளாக்கைத் தேய்க்கும். அப்புறம் எங்கிட்ட வராதீங்க, புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைக்குப் போயிடுங்க."

ஃபுல் இன்ஜின் வேலை என்று தீர்ப்பாயிற்று. போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங், வால்வு, பேரிங் செட். அவர் சொன்ன தொகையில் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கலாம். மனைவி அன்று சாயங்காலமே ஷோரூமில் விலை விசாரித்துவிட்டு வந்தாள், ஹெல்மெட் இலவசமாம்.

எனவே விற்பது என்று முடிவெடுத்தேன். என் முடிவுகள் எல்லாமே உறுதியானவை. மறுநாள் எடுக்கும் முடிவும் அதே அளவு உறுதியாக இருப்பதுதான் கஷ்டம்.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. வண்டியைச் சுற்றி வந்தார், ஒருமுறை தட்டிப் பார்த்தார், "எண்ணூறு கிலோ தேறும்" என்றார். கணக்கு சரிதான். ஆனாலும் அப்பா வரிசையில் பெயர் பதிந்துவிட்டு, லைசன்ஸ் காலத்தில் காத்திருந்து வாங்கிய வண்டியைக் கிலோ கணக்கில் பேசுகிற ஆளுக்குக் காப்பி கொடுத்ததே அதிகம் என்று தோன்றியது. அடுத்தவர் ஒரு காப்பிக்கடை முதலாளி. அவருக்குக் கார் வேண்டாம், முன்பக்கம் மட்டும் போதும். சுவரில் மாட்டப் போகிறாராம். மீதியை நான் வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மூன்றாவதாக வந்த பையன் நிஜமாகவே விஷயம் தெரிந்தவன். திரும்பும் வட்டம் 25 அடி, 948 சிசி, ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது என்று அவனே எனக்குச் சொன்னான். பேசிய விலையும் நியாயமான விலை. இவ்வளவு தெரிந்தவனே கேட்கிறான் என்றால் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று உடனே விலையை ஏற்றினேன். அவன் போய்விட்டான்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோதுதான் இந்தச் சிக்கலின் அமைப்பு புரிந்தது. ஓடாத வண்டியை விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். ஆகவே ரிப்பேர் செய்துதான் விற்க வேண்டும். ரிப்பேர் செய்துவிட்டால் வண்டி நன்றாக ஓடும். நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது விற்பார்களா? இதில் எங்கேயும் ஓட்டை இல்லை. மனைவியிடம் சொன்னேன். "உங்க அப்பாவும் இதேதான் சொன்னார்" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் அறுநூறு ரூபாயிலிருந்து ஐயாயிரமாக ஏறியது. அதற்கு முந்தைய வருடம் வந்த விதி இன்னும் சுவாரசியம். ஐம்பது வயது கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று 20,000 ரூபாய் கட்டிப் பதிந்துகொள்ளலாம். பத்து வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் இறக்கக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி இவற்றுக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டும் போகலாம். படித்ததும் புல்லரித்துவிட்டது. பெட்ரோல் போட, பழுது பார்க்க: எங்கள் வண்டி பல வருடமாக வேறெதற்குமே வெளியே போனதில்லை. அந்த விதியை எழுதிய அதிகாரியின் வீட்டு ஷெட்டிலும் நிச்சயம் ஏதோ ஒன்று தார்ப்பாயில் மூடிக் கிடக்கிறது.

மச்சான் வேறு வந்தார். ஆலோசனை சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. "மாமா, ஒரு மாருதி இன்ஜினைத் தூக்கி உள்ள வைங்க. பறக்கும்" என்றார். இன்ஜினை மாற்றினால் ஆர்.சி.யில் எழுத வேண்டும். அசல் உருவம் போய்விட்டால் விண்டேஜ் அந்தஸ்தும் போய்விடும் என்று விதியை எடுத்து வீசினேன். இன்னமும் வாங்காத ஓர் அந்தஸ்துக்காக இவ்வளவு ஆவேசமாக வாதாடியதில் எனக்கே ஆச்சரியம். பெங்களூரிலிருந்து மகன், பேட்டரி வண்டியாக மாற்றிவிடலாம் என்றான். பெட்ரோலில் எத்தனால் கலப்பது இருபது சதவீதம் ஆகிவிட்டதால் பழைய வண்டியின் ரப்பர் ஹோஸெல்லாம் ஊறிக் கெட்டுவிடும் என்று பயமுறுத்தவும் செய்தான். "ஊறுறதுக்கு முதல்ல பெட்ரோல் போடணுமே" என்று அவன் அம்மா ஆறுதல் சொன்னாள்.

நான் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்ற குழப்பம் வண்டலூர்க் கம்பெனிக்கே இருந்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு கார் விட்டார்கள். வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர், அந்நாளைய நாகரிகத்தின் உச்சம். உள்ளே வைத்தது அவர்களுடைய பழைய வேன்கார்டு கார் காலத்து இரண்டு லிட்டர் இன்ஜின். பழசை விட மனமில்லாத எனக்கு அவர்கள்மேல் குறை சொல்ல வாய் வரவில்லை. விலையும் அதிகம், பெட்ரோலும் அதிகம் குடித்தது. 1988-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்ததும் அதே 1985-ல்தான். அது இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையில், முடிவெடுக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று மெக்கானிக் இன்ஜினைக் கழற்றி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். அட்வான்ஸை நான்தான் கொடுத்தேன், அது வேறு விஷயம். போன வாரம் பட்டறையிலிருந்து போன் வந்தது.

"சார், போர் ஏற்கெனவே நாப்பது சைஸ் போட்டிருக்காங்க. இதுக்கு மேல அறுக்க முடியாது. விக்கப் போறீங்கன்னா ரிங் மட்டும் மாத்தி, புகை வராம பண்ணித் தரேன், கொஞ்ச நாள் ஓடும். வச்சுக்கப் போறீங்கன்னா ஸ்லீவ் அடிச்சு, ஸ்டாண்டர்ட் சைஸுக்கே கொண்டாந்துடலாம். செலவு டபுள். எது சார்?"

ரெண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"பிஸ்டன்ல நடுவுல ஒண்ணும் கிடையாது சார்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மனைவி போனைப் பிடுங்கினாள். "ஸ்லீவே போட்டுடுங்க. அரைகுறையா ஒருத்தர் தலையில கட்டறது பாவம். நல்லா பண்ணினாத்தான் நல்ல விலைக்குப் போகும்" என்றாள்.

நானும் அதையே சொன்னேன், நல்ல விலை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட வேண்டியதுதான் என்று. நல்ல விலை என்பது எவ்வளவு என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. ஸ்லீவ் போட்டு, இன்ஜின் வந்து, நாலு நாள் ஓட்டிப் பார்த்தால்தானே சொல்ல முடியும்?