ஜனாதிபதி தேர்தலில் நிற்கப்போகும் செங்கல்பட்டு மிராசுதாருக்குச் சில யோசனைகள்

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் பத்துக் காணி நஞ்சை, மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ், கூடத்துச் சுவரில் ராஜாஜி படம். இதோடு, காபி வருவதற்குள் "நாடு கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிடும் வழக்கமும் உங்களுக்கு உண்டு. ஜனாதிபதி ஆசை வந்ததில் தப்பே இல்லை. பழமையில் பிடிப்புள்ள வேட்பாளர் என்று ஒருவராவது நிற்கட்டுமே.

முதலில் கையெழுத்து வேட்டை. உங்களை முன்மொழிய 50 பேர், வழிமொழிய 50 பேர் வேண்டும். எல்லாரும் எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் சோழிங்கநல்லூரிலிருந்து மதுராந்தகம் வரை ஏழு சட்டமன்றத் தொகுதிகள். ஏழு பேரையும் சம்பந்தி விருந்துக்கு அழைப்பதுபோல் அழைத்து, இலை போட்டுக் கையெழுத்து வாங்கினாலும் 93 பாக்கி. 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவருடைய வாக்கின் மதிப்பு 176. ஏழு பேருக்கும் சேர்த்து 1,232. இது 1971 ஜனத்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகள் வந்து, தாம்பரம் மாநகராட்சியாகி, கூட்டம் எங்கேயோ போய்விட்டது. கணக்கு மட்டும் 1971-லேயே உட்கார்ந்திருக்கிறது. பழமையைப் பேணுவதில் தேர்தல் சட்டத்தை உங்களால் ஜெயிக்கவே முடியாது.

அடுத்து கொள்கை அறிக்கை. உட்கார்ந்து யோசிக்க வேண்டாம். 1959-ல் சென்னையில் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியின் காகிதங்கள் எங்காவது கிடைத்தால் தூசி தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் நிலத்தைச் சேர்த்துக் கூட்டாகப் பயிர் செய்யலாம் என்று நாக்பூர் காங்கிரஸில் நேரு தீர்மானம் போட்ட வருஷம் அது. எண்பது வயதில் புதுக் கட்சி கட்டினார் மூதறிஞர். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் ஒழிய வேண்டும், அவனவன் நிலம் அவனவனிடம் இருக்க வேண்டும், அரசாங்கம் கடை போடக் கூடாது என்றார்.

நில உச்சவரம்பை எதிர்த்து ஒரு பாரா கட்டாயம். 1961 சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970-ல் அது 15 ஆனது. உங்கள் பத்துக் காணி ஏறக்குறைய 13 ஏக்கர்தான், யாரும் தொடப்போவதில்லை. ஆனாலும் தொட்டதுபோலவே பேச வேண்டும்.

நீர்ப்பாசனத்தில் அரசு தலையிடாமை என்பதற்கு நம் ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு வந்து கரையில் காவல் நின்றார்கள், அதனால் அவர் ஏரி காத்த ராமர் என்று மேடையில் உருகுங்கள். அந்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதி கட்டிக்கொடுத்தவர் 18-ம் நூற்றாண்டுக் கடைசியில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரை என்ற விவரத்தைச் சொல்ல வேண்டாம். கரையைப் பார்த்துக்கொண்டது ராமர், பில் கட்டியது கலெக்டர் என்று யாராவது கிளப்புவார்கள்.

மதுவிலக்கு வரும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. அரசாங்கம் எந்தக் கடையிலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று நாலாம் பக்கத்தில் எழுதிய கையோடு, ஐந்தாம் பக்கத்தில் சாராயக் கடையைப் பூட்டச் சொல்ல வேண்டும். ராஜாஜி இரண்டையும் மனதார நம்பினார். 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர், 1971-ல் 92 வயதில் கருணாநிதி வீட்டுக்கே போய் அதை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். உங்களுக்கோ லாட்ஜ் இருக்கிறது, சனி ஞாயிறு ஈ.சி.ஆர். கூட்டம் இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தைப் பொடி எழுத்தில் அச்சடித்துவிடுங்கள்.

மொழிக்கு நிரந்தர நிலை எடுக்கிறவர் அனுபவமில்லாதவர். 1938-ல் பள்ளிகளில் இந்தியை வைத்ததும் ராஜாஜி, பின்னால் இந்தித் திணிப்பு கூடாது, ஆங்கிலமே இருக்கட்டும் என்று வாதாடியதும் ராஜாஜி. இருபது வருஷம் இடைவெளி விட்டால் முரண்பாட்டுக்கும் முதிர்ச்சி என்று பேர் வந்துவிடும்.

கல்வியில், அப்பன் தொழிலைப் பிள்ளை கற்கட்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1953-ல் பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில் என்று திட்டம் போட்டவரைக் குலக்கல்வி என்ற ஒரே சொல் அடுத்த வருஷமே முதலமைச்சர் நாற்காலியிலிருந்து இறக்கியது. மாமல்லபுரம் தெருவில் போய்ப் பாருங்கள். கட்டிங் மெஷின் கிளப்பும் வெள்ளைப் புழுதியில், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு பிள்ளையாருக்குத் தும்பிக்கை இறக்குகிறான் ஒரு பையன். அவன் அப்பா மளிகைக் கடைக்காரராக இருக்கலாம். 1957 முதல் அங்கே அரசே சிற்பக்கலை சொல்லித் தருகிறது, விண்ணப்பம் போட்டால் யாரும் சேரலாம். சோஷலிஸம்தான், ஆனால் சிலை நன்றாக இருக்கிறது.

வெளியுறவுக் கொள்கைக்கு வெண்ணெய் உருண்டைப் பாறை. 2019 அக்டோபரில் மோடி வேட்டி கட்டிக்கொண்டு சீ ஜின்பிங்கை அங்கே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில் கல்வான் மோதல். பாறை இன்னும் உருளவில்லை. படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாரம்பரியப் பாதுகாப்புதான் உங்களுக்குக் கஷ்டமான பாடம். பல்லவர் பெருமையை மேடையில் அரை மணி நேரம் பேசலாம். ஆனால் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும் என்று 2010-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உங்கள் லாட்ஜின் மொட்டை மாடியில் தூண் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கொடி கட்டிப் படுக்கை விரிப்பு காயப்போட்டிருக்கிறார்கள். பழமையைக் காப்பது மத்திய அரசின் கடமை என்று எழுதுவீர்களா, பெர்மிட் ராஜ்யம் ஒழிக என்று எழுதுவீர்களா? இரண்டையும் எழுதிவிடுங்கள். நடுவில் ஒரு பக்கம் விளம்பரம் போட்டால் போதும்.

இத்தனை கொள்கையோடு உண்மையாகவே ஒருவர் நின்றிருக்கிறார். 1969 மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். ஜூலை 19-ம் தேதி 14 வங்கிகளை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. நம் இந்தியன் வங்கியும் ஐ.ஓ.பி.யும் அதில் உண்டு. அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட பொறுப்பு ஜனாதிபதி வி.வி. கிரி, மறுநாளே ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாக நின்றார். காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி, காமராஜர் அவர் பக்கம். சுதந்திராவும் ஜனசங்கமும் நிறுத்தியவர் சி.டி. தேஷ்முக். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர், நிதியமைச்சர் பதவியைக் கொள்கைக்காக உதறியவர். வங்கியைப் பற்றி மூவரில் நிஜமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நடந்தது என்ன? ரெட்டிக்காக இரண்டாம் விருப்ப வாக்கு கேட்டுக் காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா சுதந்திராவிடமும் ஜனசங்கத்திடமும் பேசினார். அதையே பிடித்துக்கொண்டு, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் இந்திரா. தி.மு.க. கிரிக்குப் போட்டது. முதல் சுற்றில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. யாருக்கும் பாதி தேறவில்லை. இரண்டாம் விருப்பத்தை எண்ணித்தான் கிரி கரையேறினார். ஒரு ஜனாதிபதி தேர்தல் அப்படி முடிவானது அந்த ஒரு தடவைதான்.

கொள்கை தெரிந்தவர் மூன்றாவது வந்ததில் உங்களுக்கு மனம் தளரக் கூடாது. ஜெயித்திருந்தாலும் அரசியல் சட்டம் 74-ம் பிரிவுப்படி அமைச்சரவை சொன்னதற்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். நாடாளுமன்றத்தில் அவர் படிக்கும் உரையையும் அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கும். அதனால் உங்கள் அறிக்கையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

டெபாசிட் 15,000 ரூபாய். ஜெயிக்க வேண்டிய வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் தோற்றாலும் திரும்பத் தருவார்கள். 1969-ல் டெபாசிட்டே கிடையாது. இருந்திருந்தால் தேஷ்முக்குக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். உங்களுக்குக் கிடைக்காது. அந்தப் பணத்தில் மொட்டை மாடிக் கம்பிக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொள்ளுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.