தொப்பைக்கு எந்த ஆசனம்?

யோகா வகுப்புக்கு வரும் ஆண்கள் பெயரைச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி இது. தொப்பை என்பது வாடகை கொடுக்காமல் வயிற்றில் குடியிருக்கும் ஆசாமி, சரியான ஆசனத்தைக் காட்டி மிரட்டினால் வீட்டைக் காலி செய்துவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. பாவம், அப்படி ஓர் ஆசனம் கிடையாது. எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பைத்தான் எடுத்துச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் உடம்புக்கு இல்லை. கபாலபாதி செய்யும்போது வயிறு குலுங்குவது உண்மைதான், குலுங்குவதெல்லாம் கரைவதில்லை. கலோரிக் கணக்கும் சாதகமாக இல்லை. 80 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நிதானமாக ஆசனம் போட்டால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். அதில் 80, நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்திருந்தாலும் செலவாகியிருக்கும். மிச்சத்தை வரும் வழியில் ஒரு மெதுவடை சரிக்கட்டிவிடும். கூடவே நெய்ப்பொங்கலும் என்றால், யோகா செய்த நாளில்தான் எடை கூடும். சூரிய நமஸ்காரத்தை வேகமாகச் செய்தால் கூடுதலாகச் செலவாகுமே என்பார்கள். ஆகும், அந்த வேகம் நீடித்தால். முதல் நாளே நம்மவர்கள் முழுத் தேர்ச்சி பெறுவதென்னவோ சவாசனத்தில்தான், குறட்டையே சான்றிதழ்.

சித்தர்களும் ரிஷிகளும் ஒட்டிய வயிற்றோடு இருந்தார்களே என்று கேட்கலாம். அவர்கள் இரவு பத்து மணிக்குப் பரோட்டாவில் சால்னா ஊற்றிக்கொள்ளவில்லை. பதஞ்சலியின் ஏறத்தாழ இருநூறு சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை மூன்றே. எட்டு அங்கங்களில் இயமம், நியமம் என்ற இரண்டும் முன்னால் நிற்கின்றன. இரண்டுமே ஒழுக்கமும் அடக்கமும் சார்ந்தவை. நாம் அவற்றைத் தாண்டிக் குதித்து, மூன்றாவதில் போய்ப் பாய் விரிக்கிறோம்.

அதற்காகப் பாயைச் சுருட்டவும் வேண்டாம். ஜெர்மனியில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 12 வாரம் யோகா பயின்றபோது இடுப்புச் சுற்றளவு சராசரியாகக் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் குறைந்தது. அத்தனை பேரும் பெண்கள் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். வடைக் கணக்கை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது. யோகா வேலை செய்வது தொப்பையின் மீதல்ல, தொப்பையின் உரிமையாளர் மீது என்பது என் கட்சி. மூச்சைக் கவனிக்கப் பழகியவர், வயிறு போதும் என்ற பிறகும் கை இலைக்குப் போவதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. பச்சிமோத்தானாசனத்தில் மூக்கும் முழங்காலும் சந்திக்க விடாமல் நடுவில் நிற்பது யாரென்று தினமும் காலையில் பார்ப்பவருக்கு, நான்காவது தோசை கொஞ்சம் யோசனையோடுதான் இறங்கும். (ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சிரசாசனத்தில் இறங்க வேண்டாம், தலைகீழாக நின்றாலும் தொப்பை கூடவேதான் வரும்.)

"எனக்கென்ன, கல்லூரிக் காலத்திலிருந்து அதே 34 அங்குல பேன்ட்தானே?" என்பவர்கள் தனிக் கட்சி. அளவு மாறவில்லை, பேன்ட்தான் தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டது. இந்திய ஆண்களுக்கு எச்சரிக்கைக் கோடு 90 சென்டிமீட்டர். நாடாவைப் பிடிக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு. வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது பிராணாயாமத்தில் சேராது.