குதிரைக்குச் சேர வேண்டிய பேர்

1774-ல் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், யெட்மின்ஸ்டர் என்ற ஊருக்குள் பெரியம்மை நுழைந்தது. அது சாமானியப்பட்ட நோய் அல்ல. நோயாளி இருமினாலும் பேசினாலும் தெறிக்கும் துளியில் ஏறி அடுத்தவருக்குத் தாவும். அவர் படுத்த போர்வையிலிருந்துகூடத் தொற்றும். வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் நேரே மேலோகம். பிழைத்தவர்களுக்கு முகத்தில் அம்மி கொத்தினாற்போல் வடு. சிலருக்குக் கண்ணும் போகும்.

அந்த ஊரில் பெஞ்சமின் ஜெஸ்டி என்றொரு குடியானவர். பால் கறக்கிற பெண்களுக்கு மாட்டு மடியிலிருந்து கையில் நாலு கொப்புளம் ஒட்டிக்கொள்ளும். அந்த மாட்டம்மை வந்து போனவர்களைப் பெரியம்மை சீண்டாது. இது தொழுவங்களில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், டாக்டர்களில் பலருக்குத்தான் எட்டவில்லை. ஜெஸ்டிக்கு முன்பே மாட்டம்மை வந்திருந்ததால் அவர் பத்திரம். ஆகவே மனைவி எலிசபெத்தையும் இரண்டு பொடியன்களையும் கூட்டிக்கொண்டு ஒரு பண்ணைக்குப் போனார். நோய்கண்ட மாட்டின் கொப்புளத்தில் காலுறை பின்னும் ஊசியைத் தொட்டு, மனைவியின் கையில் கீறினார். அப்புறம் பையன்களுக்கு.

பையன்கள் தேறிவிட்டார்கள். எலிசபெத்துக்குக் கை வீங்கிக் காய்ச்சல் ஏறி, ‘போய்விடுவாரோ’ என்கிற கட்டத்துக்கு வந்துதான் பிழைத்தார். ஜெஸ்டி சந்தைக்குப் போனால் ஊர்க்காரர்கள் கூச்சல் போட்டுக் கல்லெறிந்தார்கள். மாட்டுச் சரக்கு ஏறிய மூவருக்கும் கொம்பு முளைக்கும் என்ற பயம் வேறு. முளைக்கவில்லை. பிற்காலத்தில் ஜெஸ்டியின் கல்லறைக் கல்லில், பெண்டாட்டி பிள்ளைகள்மீதே இந்தப் பரிசோதனையைச் செய்த அவருடைய மனத்திடத்தைப் புகழ்ந்து பொறித்தார்கள். மனத்திடம் அவருடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. கைதான் வீட்டுக்காரம்மாவுடையது.

தடுப்பூசி சரித்திரத்தில் கடைசிவரை இந்த ஏற்பாடுதான். பேர் ஒருத்தருக்கு, கை இன்னொருத்தருக்கு.

22 வருஷம் கழித்து பெர்க்லி என்ற ஊரில் டாக்டர் எட்வர்ட் ஜென்னர் வருகிறார். அவர் அப்போதே ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சபையின் உறுப்பினர். மருத்துவத்துக்காக அல்ல, குயிலுக்காக. வேறு பறவையின் கூட்டில் பொரிந்த அந்த நாட்டுக் குயில் குஞ்சு, வீட்டுக்காரக் குஞ்சுகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளுவதைப் பார்த்து எழுதிய புண்ணியம். கூட்டிலிருந்து விழுந்தவர் பேர் ஜெஸ்டி என்று சொன்னால் ஜென்னரின் ரசிகர்கள் அடிக்க வருவார்கள், சொல்லவில்லை.

1796 மே 14. பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை, தோட்டக்காரர் மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் ஜென்னர் ஏற்றினார். பையனுக்கு வயசு எட்டு. ஜூலையில் அதே பையனுக்கு நிஜப் பெரியம்மைச் சீழையே குத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் சரித்திரம் அவரை வேறு அத்தியாயத்தில் வைத்திருக்கும்.

நடந்தது இதுதான். மாட்டம்மை வைரஸ் பெரியம்மைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. ஜாடை ஒன்று, சுபாவம் வேறு. உடம்பு இந்தச் சாதுவோடு மல்லுக்கட்டி முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பிற்பாடு ரவுடி அண்ணன் வந்தால், ஜாடையைப் பார்த்து வாசலிலேயே மடக்கிவிடுகிறது.

இதைப் பற்றி எழுதிய கட்டுரையை ராயல் சொசைட்டி திருப்பி அனுப்ப, ஜென்னர் 1798-ல் சொந்தச் செலவில் அச்சடித்தார். அப்புறம் பாராளுமன்றம் அவருக்கு 1802-ல் 10,000 பவுண்டும், 1807-ல் 20,000 பவுண்டும் கொடுத்தது. ஜெஸ்டிக்கு ஒரு தடுப்பூசி நிறுவனத்தார் கொடுத்தது 15 கினியும் தங்கம் பதித்த இரண்டு கத்திகளும். ஃபிப்ஸுக்கு ஜென்னர் கொடுத்தது ஒரு சின்ன வீடு. சாராவின் கைக்குக் கொப்புளம் தந்த பிளாஸம் என்ற பசுவுக்கு? அதன் தோல் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரிச் சுவரில் தொங்குகிறது.

அடுத்த தலைவலி, சரக்கை ஊர் கடத்துவது. ஃபிரிட்ஜ் கிடையாது. கொப்புளத்திலிருந்து எடுக்கும் அம்மைப்பால் வழியிலேயே வீரியம் இழக்கும். மனித உடம்புதான் அதற்கு நம்பகமான பாத்திரம். ஸ்பெயின் ராஜா 1803 நவம்பரில் டாக்டர் பால்மிஸ் தலைமையில் தன் அமெரிக்கக் காலனிகளுக்கு ஒரு கப்பல் அனுப்பினார். சரக்கு, 22 பையன்கள், பெரும்பாலும் அநாதைகள். முதலில் இருவருக்குக் குத்துவது. ஒன்பது பத்து நாளில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து அடுத்த இருவருக்கு. பையன்கள் சொறிந்துவிட்டால் கண்டம் விட்டுக் கண்டம் போகிற மருந்து நகத்தோடு போச்சு. அவர்களைக் கட்டி மேய்க்க இசபெல் செண்டால் என்ற அம்மாள், தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஏறினார். 22 பையன்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தவருக்குச் சிலை வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது? பேர் என்னவோ பால்மிஸ் பயணம் என்றே ஆயிற்று.

இந்தியாவுக்கு அம்மைப்பால் பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைமாறிக் கைமாறி வந்தது. 1802 ஜூன் 14-ல் பம்பாயில் மூன்று வயது அன்னா டஸ்ட்ஹாலுக்குக் குத்தியபோது பலித்தது. சென்னை உட்பட நாடு முழுக்கப் பரவியது அந்தப் பிஞ்சுக் கையிலிருந்துதான்.

இங்கே வேறு சிக்கல். நமக்கு அம்மை என்றால் அம்மாவே வந்திருக்கிறாள். வேப்பிலையும் இளநீரும் கொடுத்து உபசரிக்க வேண்டிய நேரத்தில் வெள்ளைக்காரன் ஊசியோடு வந்தால்? தமிழில் ஊறிய எல்லீஸ் துரை, இதுவும் அம்மன் அருளியதுதான் என்று தமிழிலேயே ஒரு கதை கட்டினார். மைசூரில் 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில் ஒரு ராணி முந்தானையை ஒதுக்கிக் கையைக் காட்டுகிறார். ஊசி போட்ட இடத்தைத்தான் காட்டுகிறார் என்கிறார் ஒரு வரலாற்றாசிரியர். கை கொடுத்தவரின் படமே விளம்பரமானது அபூர்வம்.

கைமாற்று வியாபாரத்தில் கலப்படமும் உண்டு. 1861-ல் இத்தாலியின் ரிவால்ட்டாவில் அம்மைப்பாலோடு சிபிலிஸும் சேர்ந்து குழந்தைகளுக்குப் போயிற்று. அதனால் மெல்ல மெல்ல மனிதக் கையை விட்டுக் கன்றுக்குட்டியின் தோலுக்கு மாறினார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் 1899-ல் தொடங்கியதே அம்மைப்பால் தயாரிக்கத்தான்.

இத்தனைக்கும் நடுவில் பசுவாவது பேர் வாங்கியது. லத்தீனில் பசுவுக்கு ‘வாக்கா’; அதிலிருந்து வாக்சின். ஆனால் 1902-ல் அமெரிக்காவில் தயாரான ஒரு பெரியம்மைத் தடுப்பூசியின் மரபணுவைத் துருவிப் பார்த்து, 2017-ல் ஆய்வாளர்கள் சொன்னார்கள்: உள்ளே இருப்பது குதிரை அம்மைக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஜென்னரும் அன்றைக்கே, இந்த நோய் குதிரைக் குளம்பிலிருந்து மாட்டுக்கு வந்திருக்கும் என்றுதான் சந்தேகப்பட்டார். பெரும்பாலோர் காதில் வாங்கவில்லை.

கடைசிக் கை சோமாலியாவில். 1977-ல் மெர்கா நகர ஆஸ்பத்திரிச் சமையல்காரர் அலி மாவ் மாலின், ஊசி வலிக்கும் என்று டிமிக்கி கொடுத்தவர். இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய உலகின் கடைசி மனிதர் ஆனார். பிழைத்து, பிற்காலத்தில் போலியோ ஒழிப்பு வேலையில் சேர்ந்து, நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். 1980-ல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

என் பாட்டியின் இடது கையில், ரவிக்கை முடிகிற இடத்துக்குக் கீழே, நாலணா அகலத்தில் இரண்டு தழும்பு. அம்மை குத்துகிறவர் வந்த அன்று பள்ளிக்கூடச் சுவர் ஏறிக் குதித்து ஓடியவளைப் பிடித்து இழுத்துவந்து குத்தினார்களாம்.

“பாட்டி, அது பசுவோடது இல்லையாம், குதிரையோடதாம்” என்றேன்.

தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “எதோடதா இருந்தா என்னடா, கை என்னோடது. வலிச்சுது.”