ஆறு நொடியில் இரண்டு மைல்

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு மூன்று சிறு கையேடுகளாக வந்தது. சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதே அதிகம். விட்டதையெல்லாம் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் தன் புத்தியால் நிரப்பிக்கொள்ள வேண்டும். புத்தியை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? விதிகள் பெருகின. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியைக் கட்டிப்பிடிக்கவே தனி விதிகள். பூதத்தின் இடுப்பைப் பிடித்த வீரன், மேசையில் உள்ளவர்கள் பக்கம் புரட்டி முடிக்கும்வரை தொங்கிக்கொண்டே இருப்பான்.

விதி கூடினால் வக்கீலும் கூடுவார். சண்டையில் ஒரு சுற்றுக்கு 6 நொடி; அதற்குள் ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆளிடம் பொருளைக் கைமாற்ற இடமுண்டு. ஆகவே 2,000-க்கும் மேற்பட்ட குடியானவர்களை வரிசையாக நிறுத்தி ஒரு கம்பைக் கைமாற்றினால், அது 6 நொடியில் இரண்டு மைல் பறந்து டிராகனைத் துளைக்கும் என்று கணக்குப் போட்டார்கள் ரசிகர்கள். வேகத்துக்கேற்ற சேதம் என்று எந்த விதியும் இல்லையே என்றால், அங்கே மட்டும் இயற்பியலைக் கூப்பிடுவார்கள். (வரி ஆலோசகர்கள் பார்த்துக் கற்க வேண்டிய வித்தை.) 2024-ஆம் ஆண்டுக் கையேடு, விதிகள் இயற்பியல் அல்ல என்று எழுதியே வைத்துவிட்டது. புத்தியைப் பயன்படுத்தவும் ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது.

எல்லாம் என் தீர்ப்பே என்கிற மாஸ்டரும் லேசுப்பட்டவரல்ல. போன வாரம் தாண்டிய பள்ளம் இந்த வாரம் அகலமாகிவிடும். அவரிடம் ஆடப் போகிறவர்கள் பீட்சா வாங்கிக்கொண்டு போங்கள். அதைத் தடுக்கும் விதி எந்தப் பதிப்பிலும் இல்லை.