சர்க்கரையற்ற ஊக்கபானத்தின் சுவையும் கிக்கும்: லிட்டர் எடை நோக்கில் ஓர் ஆய்வு (போடி வட்டாரத்தை முன்வைத்து)

சர்க்கரை இல்லாத ஊக்கபானத்தின் தரத்தை நாக்கைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். நாக்கு இந்த வழக்கில் கட்சிக்காரர். அதன் சாட்சியம் செல்லாது. போடிநாயக்கனூர் ஏல மையத்தில் யாரும் ஏலக்காயை வாய் நிறைய மென்று விலை சொல்வதில்லை. சாம்பிளை உள்ளங்கையில் கொட்டி உருட்டிப் பார்க்கிறார்கள். பருமன், பச்சை நிறம், லிட்டர் எடை மூன்றும் பிடிபட்டால் கம்ப்யூட்டரில் விலை ஏறுகிறது. அலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்ற தரத்துக்கு ஒரு லிட்டர் படியில் குறைந்தது 435 கிராம் நிற்க வேண்டும் என்று அக்மார்க் விதியே இருக்கிறது. மசாலாக்களின் அரசியையே இப்படித் தராசில் நிறுத்தும் ஊரில், பெட்டிக்கடை ஃபிரிட்ஜில் வியர்த்து நிற்கும் ஒரு டின்னை மட்டும் உறிஞ்சிப் பார்த்துக் கருத்துச் சொல்வது முறையியல் பிழை. இப்பொருளில் முன்னாய்வுகள் கிடைக்கவில்லை. தேடவும் இல்லை. எனவே இது முன்னோடி ஆய்வாகிறது.

முதன்மை ஆதாரம் டின் (இனி, 'டின்'). உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஊக்கபானத்தில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். அதன்படி 250 மில்லி டின்னில் 75 மில்லிகிராமுக்கு மேல் போகாது. திடமான ஒரு டம்ளர் காபியும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது என்ற எச்சரிக்கையும் உண்டு (டின், முதுகுப்புறம், பொடி எழுத்து). சர்க்கரை போட்ட பிரபல வகையில் அதே 250 மில்லியில் சுமார் 27 கிராம் சர்க்கரை, நம் ஆய்வுப் பொருளில் அது சுழி (டின், முதுகுப்புறம், அட்டவணை, ஈரத்தில் நழுவி விழுந்து நசுங்கிய பிரதியிலும் இதுவே பாடம்).

சுவை ஆறு. இனிப்பு: இருக்கிறது, ஆனால் பிந்தி வந்து போக மறுக்கிறது. புளிப்பு: சிட்ரிக் அமிலம். கைப்பு: காஃபினும் செயற்கை இனிப்பும் கூட்டாகச் செய்த வேலை. உவர்ப்பு: சொற்பம். துவர்ப்பு: தேடப்பட்டு வருகிறது. கார்ப்பு: விலையில். தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் முதல் மிடறில் தோன்றுவது இளிவரல் ஒன்றே. இனிப்பு நாக்கின் நுனிக்குரியது, கைப்பு அடிநாக்குக்குரியது, ஆகவே எங்கே படுகிறது என்று பார்த்தால் போதாதா எனச் சிலர் தடை எழுப்பலாம். அந்த நாக்கு வரைபடமே பிழை. ஜெர்மானியரான ஹேனிக் 1901-இல் கண்டெழுதிய மிகச் சிறு வேறுபாட்டை, ஹார்வர்டின் எட்வின் போரிங் 1942-இல் எடுத்தாண்டபோது அது எல்லைக்கோடாகத் தோன்றிவிட்டது. பிறகு மூலத்தைப் புரட்டாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்ததில் பாடப்புத்தகம் வரை போய்ச் சேர்ந்தது. மேற்கோளைப் பார்த்து மேற்கோள் காட்டும் மரபு நம் கல்லூரிகளின் தனிச்சொத்து அல்ல என்பதில் ஓர் ஆறுதல் உண்டு.

செயற்கை இனிப்பின் வரலாறும் நாக்குக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. 1879-இல் ஃபால்பெர்க் ஆய்வகத்திலிருந்து கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்ததால் சாக்கரின் அகப்பட்டது. 1965-இல் ஷ்லாட்டர் காகிதம் எடுக்க விரலை நக்கியதால் அஸ்பார்டேம். இரண்டே ஆண்டில் கார்ல் கிளாஸ் அதே காரியத்தைச் செய்ததால் அசிசல்ஃபேம். 1976-இல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆய்வாளர், சோதித்துப் பார்க்கச் சொன்னதைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னதாகக் காதில் வாங்கியதால், சர்க்கரையைப் போல் சுமார் 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் கிடைத்தது. கை கழுவாமையை ஓர் ஆய்வு நெறியாக அங்கீகரிக்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி கிக். இங்கேதான் போடியின் பங்களிப்பு உலகளாவியது. காஃபின் மூளையில் சோர்வைச் சொல்லும் அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சம் தொடும். போடியில் டின்னைத் திறந்து ஜீப்பில் ஏறினால் அந்த உச்சம் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே எங்கோ நிகழ வேண்டும். எந்த வளைவில்? மூன்று கட்சிகள் உள்ளன. முந்தல் கட்சியார் மலையடிவாரத்திலேயே கிக் வந்துவிட்டது என்பர். காஃபின் அவ்வளவு சீக்கிரம் ஏறாதாகையால் இது டின்னின் படத்தைப் பார்த்து வந்த கிக். நடுவளைவுக் கட்சியார் ஒன்பதில் என்பர். ஒன்பதில்தான் என்று ஒரு சாரார், ஒன்பதும் தாண்டி என்று மறு சாரார். மெட்டுக் கட்சியார் மேலே போய் இறங்கும்வரை ஒன்றும் இல்லை என்பர். முன்சீட்டுப் பாடம் 'லேசா சுர்ருனு இருந்துச்சு'. பின்னால் தொற்றி வந்தோர் பாடம் 'கிக்கா? உசிரே போச்சு'. டிரைவர் உரை ஹாரன் சத்தத்தில் சிதைந்தது. மூன்றையும் நச்சினார்க்கினியர் பாணியில் கொண்டுகூட்டிப் பார்த்தால் விரும்பிய வளைவில் விரும்பிய பொருள் கிடைக்கும். ஆயினும் நேர்மையான தடை ஒன்று உண்டு: ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். காஃபினும் குளிரும் பள்ளத்தாக்கும் பக்கத்து ஆளின் முழங்கையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் புகழ் யாருக்கு? விடியலில் தூக்குவாளியோடு இதே ஜீப்புகளில் காய் எடுக்கப் போகும் பெண்கள் டின் எதுவும் குடிப்பதில்லை. கடுங்காப்பியோடு ஏறி, பொழுது முழுக்கக் குனிந்து ஏலச்செடித் தூரில் காய் எடுத்து, திரும்பவும் அதே 17 வளைவு இறங்குகிறார்கள். ஒப்பீட்டுக் குழு இவர்களே. டின்னுக்குச் சாதகமாக அதில் ஒன்றும் இல்லை.

ஆக, மிஞ்சுவது லிட்டர் எடை. சர்க்கரை பானத்துக்கு இனிப்பை மட்டும் தருவதில்லை, கனத்தையும் தருகிறது. 27 கிராம் கணக்கில், சர்க்கரை போட்ட பானம் லிட்டருக்குச் சுமார் 40 கிராம் கூடுதலாக நிற்கும். தண்ணீர் வாளியில் சர்க்கரை கோலா டின் மூழ்குவதும் டயட் டின் மிதப்பதும் பள்ளிக்கூடச் செய்முறை. சர்க்கரையற்ற வகை வாயில் 'தண்ணியா இருக்கு' என்ற புகாரின் பௌதிக அடிப்படை இதுவே: வெளியே பருமன், உள்ளே அரிசி நிரம்பாத காய். போடி வியாபாரி இதைக் குடிக்காமலேயே இரண்டாந்தரத்தில் ஒதுக்கிவிடுவார்.

எடை குறைந்தது குற்றமா, சர்க்கரை நோயாளிக்கு அதுதானே வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அவர் கேட்பது மருந்து, நாம் மதிப்பிடுவது சரக்கு. சர்க்கரை போடாத டீயும் எடை குறைந்ததுதானே என்றால், ஆம். ஆனால் அது இனிப்பதாகப் பாசாங்கு செய்வதில்லை, விலையும் அப்படி. எனவே முடிபு: சுவை இரண்டாந்தரம், கிக் ஒரு டம்ளர் காபி, மீதி மலையின் வேலை. இந்த வாளிச் சோதனையை முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கும் நீட்டிக்கலாம் என்ற யோசனை மட்டும் நிராகரிக்கப்படுகிறது. நானூறு பக்கமும் காலிகோ பைண்டிங்கும் சேர்ந்து அவை எல்லாமே மூழ்கிவிடும். கனமானதெல்லாம் முதல்தரம் என்ற நம் கோட்பாடே அதோடு ஆட்டம் கண்டுவிடும்.